அங்கே மருந்தை எடுப்பவர் வைத்தியர்

வாசகர் கேள்வி:

டாக்டர், எனக்கு 27 வயது. பெங்களூருவில் மென்பொருள் வேலை. பதற்ற நோய்க்காக இரண்டு வருடமாக எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரை எடுத்து வருகிறேன். அடுத்த மாதம் ஒரு மலை விடுதியில் ‘அமேசான் மூலிகைப் பொடி’ சடங்கு நடக்கிறது, வா என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். குழல் வழியாக மூக்கில் பொடியை ஊதுவார்களாம். மனசில் அடைபட்டுக் கிடப்பதெல்லாம் ஒரே இரவில் வெளியே வந்துவிடுமாம். மாத்திரையை மட்டும் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார் அதை நடத்துபவர். பழங்குடிகள் இந்தப் பொடியை எடுக்கும் காணொளி ஒன்றை அப்பாவிடம் காட்டினேன். அதில் ஒருவர் மூக்கு ஒழுகத் தரையில் கிடந்து ஏதோ பாடுகிறார். “காட்டு ஜனங்களோட போதை. இதுக்கா சம்பளத்தைக் கொட்டப் போறே?” என்றார் அப்பா. ஆயிரக்கணக்கான வருடமாக எடுக்கிறார்களே, அது எப்படிக் கெடுதலாகும்? மாத்திரையால் பதற்றம் குறைந்தது உண்மை. ஆனால் எதற்கும் அழுகை வருவதில்லை. 2021இல் அம்மா கொரோனாவில் போனபோதே நான் அழவில்லை. முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. நான் போகலாமா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். போக வேண்டாம். மாத்திரையை ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்த பிறகு, ‘கூடாது’ என்ற ஒரு சொல்லோடு உங்களை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அப்பா அந்த மக்களைத் தாழ்த்திப் பேசுகிறார். உங்கள் நண்பர்கள் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள். அந்தக் காணொளியில் தரையில் கிடந்தவர் யாருக்காக அப்படிக் கிடந்தார் என்று இரண்டு தரப்புமே கேட்கவில்லை.

நான் மனநல மருத்துவன். இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை. அமேசானுக்குப் போனதில்லை. ஆனால் நாங்கள் செய்யும் இந்த வேலையை மற்றச் சமூகங்கள் எப்படிச் செய்கின்றன என்று தேடித் தேடிப் படிப்பது என் பழக்கம். அப்படிப் படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள் யானோமாமி மக்கள். பிரேசிலும் வெனிசுலாவும் எல்லை சேரும் மழைக்காட்டில் வாழ்கிறார்கள். நீங்கள் பார்த்த காணொளி பெரும்பாலும் அவர்களுடையதாக இருக்கும். நீளமான ஒரு குழல், ஒருவர் ஊத, எதிரே குந்தியிருப்பவர் மூக்கில் வாங்குவது, பிறகு எழுந்து காலைத் தரையில் ஓங்கி மிதித்துக்கொண்டு பாடுவது. இதெல்லாம் அவர்களிடம் உண்டு.

அந்தப் பொடி எங்கிருந்து வருகிறது தெரியுமா? விரோலா என்று ஒரு மரம். நம் ஜாதிக்காய் மரத்தின் குடும்பம்தான். பட்டையை நீளநீளமாக உரித்தால் உட்புறத்தில் செம்பழுப்பாக ஒரு பிசின் கசிகிறது. பட்டையை மெல்லிய தீயில் வாட்டி அதை வடித்தெடுக்கிறார்கள். சட்டியில் பாகு மாதிரி காய்ச்சி, உலரவைத்து, மாவாக இடிக்கிறார்கள். மணத்துக்காக ஒரு சிறு செடியின் இலையைக் காயவைத்துப் பொடித்துச் சேர்ப்பார்கள். இன்னொரு மரப்பட்டையின் சாம்பலும் சேரும். இப்படி ஆன பொடிக்கு யாக்கோவானா என்று பெயர். இதே பிசினை அம்பு நுனியில் தடவி வேட்டைக்கு நஞ்சாகவும் வைத்துக்கொள்கிறார்கள். அது எப்பேர்ப்பட்ட பொருள் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். மூக்கில் ஏற்றினாலும் அவர்கள் பேச்சில் யாக்கோவானாவைக் ‘குடிக்கிறார்கள்’. அதுவும் அந்த மனிதர் தனக்காகக் குடிப்பதில்லை. பொடி ஷபிரிகளின் உணவு. ஷபிரி என்றால் காட்டின் ஒவ்வொரு விலங்குக்கும், மரத்துக்கும், நீருக்கும் உரிய மூல உருவம். தூசு போலச் சின்னதாக, பளபளவென்று, இறகு சூடி, கண்ணாடி மேல் ஆடிக்கொண்டு இறங்கி வருவார்கள் என்கிறார்கள். வைத்தியர் குடித்தால்தான் ஷபிரிகளுக்குப் பசி ஆறும். பசி ஆறினால்தான் அவர்கள் வேலை செய்வார்கள்.

என்ன வேலை? ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தூளியில் சுருண்டு கிடக்கிறது. அதன் உள்ளுருவத்தை ஏதோ ஒரு கெட்ட சக்தி பிடித்துக்கொண்டு போய்விட்டது என்பது அவர்கள் கணிப்பு. குழந்தையின் மூக்கில் யாரும் பொடியை ஊதுவதில்லை. குழந்தையின் அம்மாவுக்கும் ஊதுவதில்லை. வைத்தியர்தான் வாங்கிக்கொள்கிறார். கண்ணில் நீர் வழிகிறது, மூக்கு ஒழுகுகிறது, சில சமயம் குமட்டுகிறது. அந்த வேதனையோடு எழுந்து, ஷபிரிகளைப் பாட்டுப் பாடி அழைத்து, அவர்களோடு போய், குழந்தையின் உருவத்தை மீட்டு வருகிறார். தூளியில் கிடக்கும் அந்தக் குழந்தை உங்கள் காணொளியின் சட்டகத்துக்குள் வரவில்லை. அது வராததால்தான் அப்பாவுக்குப் போதை மட்டும் தெரிந்தது.

நம் வீடுகளில் இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பால்குடிக்கும் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் யாருக்குப் பத்தியம்? தாய்க்கு. பிள்ளைக்கு மாந்தம் என்றால் தாய் மருந்து தின்பாள், தாய் புளியை விடுவாள், தாய் பட்டினி கிடப்பாள். பிள்ளை தேறும். மருந்தின் கசப்பு ஒருவர் நாக்கில், குணம் இன்னொருவர் உடம்பில். இந்த முறை நமக்குப் புதிதல்ல.

இதையே இன்னும் கறாராக வைத்திருந்தவர்கள் கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள். கொலம்பஸின் இரண்டாம் பயணத்தை ஒட்டி ரமோன் பானே என்ற துறவி ஹிஸ்பானியோலா தீவில் சில வருடம் தங்கி, 1498 வாக்கில் தான் கண்டதை எழுதி வைத்தார். தைனோக்கள் மூக்கில் உறிஞ்சிய பொடிக்குக் கொஹோபா என்று பெயர். அவர்களின் வைத்தியருக்குப் பெஹிக்கே என்று பெயர். நோயாளி என்ன பத்தியம் இருக்கிறாரோ அதே பத்தியம் பெஹிக்கேயும் இருக்க வேண்டும், நோயாளியைப் போலவே குடலைக் கழுவிக்கொள்ள வேண்டும், நோயாளியின் முகமே அவருக்கும் இருக்க வேண்டும் என்கிறார் பானே. பொடி அதற்குத்தான். இன்னொன்றும் எழுதுகிறார். நோயாளி இறந்துபோய், பெஹிக்கே பத்தியத்தில் ஏமாற்றிவிட்டார் என்று உறவுக்காரர்களுக்குத் தெரியவந்தால், தடியெடுத்துக் கைகால் முறியும்படி அடிப்பார்களாம். அடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இந்த வரியைப் படித்தபோது உங்கள் மலை விடுதிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே உங்களுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? வாசலிலேயே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பத்தியமும் உங்களுக்கு, பொடியும் உங்களுக்கு, பணமும் உங்களுடையது, ஆபத்தும் உங்களுடையது. நடத்துபவருக்கு என்ன பத்தியம் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் வைத்தியர் மட்டும்தான் எடுக்கிறார் என்று இல்லை. யானோமாமி ஊர்களிலும் சில வேளைகளில் மற்ற ஆண்கள் எடுப்பது உண்டு. ஓரினோக்கோ ஆற்றுப் பக்கம் வேறு மக்கள், வேறு மரம், வேறு வழக்கம். 1800இல் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் அங்கே போனபோது, ஓட்டோமாக் மக்கள் பறவை எலும்பால் செய்த கவட்டைக் குழலால் பொடி இழுப்பதைப் பார்த்தார். அவர் வர்ணனையில் அது சடங்கைவிடக் கூத்தாகத்தான் தெரிகிறது. அந்தப் பொடி யோப்போ. நம் வாகை, தூங்குமூஞ்சி மரங்களுக்கு உறவான ஒரு மரம், இலையும் அதே மாதிரி பொடிப்பொடியாக இருக்கும். பெயர் அனடெனந்தெரா. நீளக் காய்க்குள் தட்டையான, வட்டமான, மினுமினுக்கும் கருத்த விதைகள். வறுத்து, அரைத்து, நத்தை ஓட்டைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைச் சேர்ப்பார்கள். ஹம்போல்ட் தப்புக் கணக்குப் போட்டார். வேலை செய்வது சுண்ணாம்புதான், விதை இல்லை என்று நினைத்தார். உண்மையில் இரண்டும் வேண்டும். விதையில் உள்ள சத்துகள் உப்பாகக் கட்டுண்டு கிடக்கும்; சுண்ணாம்பின் காரம் அவற்றை அவிழ்த்துவிடும்; அப்போதுதான் மூக்கின் சவ்வு வழியாக ரத்தத்தில் ஏறும். வெற்றிலை பாக்கோடு கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தடவுகிறோமே, அந்தக் கைப்பழக்கத்துக்குப் பின்னாலும் ஏறக்குறைய இதே வேதியியல்தான். கடலுக்கு அந்தப்புறம் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களே கண்டுபிடித்தார்கள். ‘காட்டு ஜனங்கள்’ என்ற சொல்லை அப்பா திரும்பப் பெறுவதற்கு இது ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

ஏன் மூக்கு, ஏன் வாய் இல்லை என்பதிலும் ஓர் அறிவு இருக்கிறது. இந்தப் பொடிகளில் உள்ள டி.எம்.டி. என்ற பொருளை விழுங்கினால் ஒன்றும் ஆகாது. குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதி அதை உடனே உடைத்துப்போட்டுவிடும். மூக்கு வழியாகப் போனால் அந்தக் காவலைத் தாண்டிவிடலாம். பியாரோவா போன்ற சில மக்கள் இன்னொரு படி மேலே போய், யோப்போவோடு ஒரு காட்டுக்கொடியையும் மெல்லுகிறார்கள். அந்தக் கொடியில் உள்ள ஹார்மின் அந்த நொதியையே கட்டிப்போட்டுவிடும். பொடியின் வேகம் கூடும், நேரம் நீளும்.

உங்கள் மாத்திரை இங்கேதான் குறுக்கே வருகிறது, தம்பி. எஸ்சிடலோபிராம் மூளையில் செரட்டோனின் என்ற பொருளைக் கூடுதலாக நிறுத்தி வைக்கிறது. செரட்டோனினை உடைப்பதும் அதே நொதிதான். அது கட்டப்பட்டால் செரட்டோனின் வெளியேற வழி இல்லாமல் ஏறிக்கொண்டே போகும். கைகால் நடுக்கம், தசை இறுக்கம், கொதிக்கும் காய்ச்சல், குழப்பம், வலிப்பு. நேரத்துக்கு மருத்துவமனை போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து. விரோலாவில் அதிகமாக இருக்கும் 5-மெத்தாக்சி டி.எம்.டி. என்ற பொருளும் இந்த மாதிரி நொதியைக் கட்டும் மூலிகையும் சேர்ந்து ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் இறந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அவர்கள் தரும் பொடியில் எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கூடவே என்ன கஷாயம் கொடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. நடத்துபவருக்கே தெரியுமா என்பது என் சந்தேகம்.

‘அதனால்தானே ஒரு வாரம் முன்பு நிறுத்தச் சொல்கிறார்’ என்பீர்கள். இரண்டு வருடம் எடுத்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் சுண்டுவது மாதிரி மண்டைக்குள் ஓர் அதிர்வு, தூக்கமின்மை, எரிச்சல், பழைய பதற்றம் எல்லாம் வரும். அவை உச்சத்தில் இருப்பதே அந்த முதல் வாரத்தில்தான். அந்த நிலையில் ஒருவரை உட்கார வைத்து மூக்கில் பொடியை ஊதினால் அடைபட்டது வெளியே வருகிற மாதிரிதான் இருக்கும். பாதி, மாத்திரை நின்றதன் கூத்து. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவ நோயோ இருந்திருந்தால் இன்னும் மோசம். ஓர் இரவுக்காகப் போனவர்கள் மாதக்கணக்கில் சிகிச்சைக்கு வருவதை இந்த அறையில் நான் பார்த்திருக்கிறேன். சட்டமும் ஒன்று இருக்கிறது: டி.எம்.டி. நம் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ள பொருள். வைத்திருந்தாலே குற்றம்.

சில சமயம் ‘அமேசான் பொடி’ என்று தருவது ஹப்பேயாக இருக்கும். அது வேறு. பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தில் ஹுனி குயின், யவனவா முதலிய மக்கள் பயன்படுத்துவது. புகையிலையும் மரச் சாம்பலும் சேர்ந்தது, காட்சி எதுவும் தெரியாது. ஆனால் அதில் போடும் புகையிலை ரகத்தில் நாம் அறிந்த சிகரெட் புகையிலையைவிட நிக்கோட்டின் மிக அதிகம். வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் ஏறும், மயக்கமும் போடலாம். என் பாட்டி சேலை முந்தியில் பொடி டப்பாவை முடிந்து வைத்திருப்பார். விரலிடுக்கில் ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணைச் சொருகி, ஒரு இழுப்பு. அந்தப் புகையிலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் காலத்தில் கப்பலேறி வந்ததுதான். அங்கே சடங்குச் செடியாக இருந்தது இங்கே வந்து ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் கை நடுங்கும் பழக்கமாக ஆகிவிட்டது. பொடி மட்டும் பயணம் போனது. அதைச் சுற்றியிருந்த எதுவும் கூடப் போகவில்லை. பாட்டிக்குக் கடைசிவரை அதை விட முடியவில்லை.

அப்பாவுக்கு ஒரு குறிப்பு. யாக்கோவானாவும் யோப்போவும் அந்த மாதிரி உடலை அடிமையாக்கும் பொருள்கள் அல்ல. டாஸ்மாக் வாசலில் நாம் பார்ப்பதை அந்தக் காட்டில் கொண்டுபோய் ஒட்ட முடியாது.

‘ஆயிரக்கணக்கான வருடம்’ என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மைதான். பொலிவியாவின் தென்மேற்கு மலைக் குகை ஒன்றில் சுமார் 1,000 வருடப் பழமையான ஒரு தோல்பை கிடைத்தது. 2019இல் அதன் ஆய்வு வெளியானது. உள்ளே பொடி வைக்கும் செதுக்கிய மரத்தட்டுகள் இரண்டு, உறிஞ்சுகுழல் ஒன்று, லாமா எலும்பில் செய்த சிறு கரண்டிகள். கூடவே மூன்று நரிகளின் மூக்குத்தோலை ஒன்றாகத் தைத்துச் செய்த ஒரு சின்னச் சுருக்குப்பை. அந்தப் பையின் உட்புறத்தைச் சுரண்டிச் சோதித்ததில் யோப்போ இனத்து விதையின் சத்து, கோக்கெயின் எடுக்கும் கோக்கா இலையின் சத்து, அந்தக் காட்டுக்கொடியில் உள்ள ஹார்மின் எல்லாம் இருந்தன. அந்தப் பனிக்காற்று மேட்டில் இவற்றில் எதுவும் முளைக்காது. யாரோ ஒருவர் தூரதூர நாட்டிலிருந்து சுமந்து வந்திருக்கிறார், அல்லது கைமாறி வாங்கியிருக்கிறார். ஒவ்வொன்றும் எங்கே விளையும், எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு வாழ்நாள் படித்தவரின் மருந்துப்பை அது. படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மூக்கையும் இணைக்கும் தையல் அவ்வளவு நெருக்கம்.

அந்த ஆயிரம் வருடமும் பொடிக்குச் சேர்ந்த அனுபவம் அல்ல, தம்பி, அந்தக் கைகளுக்குச் சேர்ந்தது. யானோமாமியில் ஒருவர் ஷபிரிகளோடு பேசும் மனிதராக ஆக வேண்டும் என்றால், மூத்தவர் நாள் கணக்கில் திரும்பத் திரும்பப் பொடி ஊதுவார். சாப்பாடு நாக்கு நனையும் அளவுதான், குளியல் இல்லை, பெண் வாசனை கூடாது. எழுந்து நிற்கக்கூட முடியாமல் உடம்பு உருகிப்போகும். அது முடிந்தால் வைத்தியர் ஆகிவிட்டார் என்று அர்த்தம் இல்லை, பள்ளியில் பேர் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் வருடக்கணக்காகப் பாட்டுகள். யானோமாமி மக்களின் தலைவரும் வைத்தியருமான டேவி கோப்பெனாவா இதைப் படிப்பு என்றுதான் சொல்கிறார். வெள்ளையர்கள் தாளில் படிக்கிறார்கள், நாங்கள் யாக்கோவானாவைக் குடித்துப் படிக்கிறோம் என்பது அவர் கருத்து. அவருக்கு அந்தப் படிப்பைத் தொடங்கி வைத்தவர் அவர் மாமனார்.

கோப்பெனாவாவைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருடைய சிறுவயதில், வெளியிலிருந்து வந்த தட்டம்மை அவர் சொந்தங்களை அள்ளிக்கொண்டு போனது. அவர் தாயும் அதில் போனார். 1980களின் கடைசியில் தங்கம் தேடி சுமார் 40,000 பேர் அந்தக் காட்டுக்குள் புகுந்தார்கள். மலேரியா வந்தது, ஆறுகளில் பாதரசம் கலந்தது. கோப்பெனாவாவும் அவரோடு நின்றவர்களும் உலகம் முழுக்கப் போய் முறையிட்ட பிறகு, 1992இல் பிரேசில் அரசு சுமார் 96,000 சதுர கிலோமீட்டரை யானோமாமி நிலம் என்று வரையறுத்தது. தமிழ்நாட்டில் முக்கால் பங்குக்குச் சமம். ஆனாலும் தங்கக்காரர்கள் திரும்ப வந்தார்கள். 2023 ஜனவரியில் அங்கே மருத்துவ நெருக்கடி நிலையை அரசு அறிவிக்க வேண்டிய அளவுக்குப் பிள்ளைகள் எலும்பும் தோலுமாகிப்போனார்கள். மண்ணுக்கடியில் கிடக்க வேண்டிய உலோகத்தைத் தோண்டியெடுத்துக் காய்ச்சும்போது எழும் புகைதான் கொள்ளைநோய் என்கிறார் கோப்பெனாவா. அவர்கள் மொழியில் ஷவரா. வைத்தியர்கள் பொடியை எடுத்துக்கொண்டு போராடுவது அந்த ஷவராவோடுதான். யானோமாமிக்காக மட்டும் அல்ல, வைத்தியர்கள் இல்லாமல் போனால் வானம் எல்லார் தலையிலும்தான் விழும் என்கிறார். இப்படிப்பட்ட ஒருவர் கையில் இருக்கும் பொடியை எடுத்து, வார இறுதி விடுதியில் கட்டணம் வைத்து விற்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. உங்கள் மேல் இல்லை. நீங்கள் வேறு எதையோ தேடித்தான் அந்தப் பக்கம் பார்க்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரிக்கு வருகிறேன். கடிதமே அதற்காகத்தான் எழுதப்பட்டது என்று எனக்குப் படுகிறது.

எதற்கும் அழுகை வராமல் இருப்பது அந்த மாத்திரையால் சிலருக்கு உண்டாவதுதான். பதற்றத்தோடு சேர்த்து மற்ற உணர்ச்சிகளையும் அது மழுக்கிவிடும். அதற்கு வழி உண்டு. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். உங்கள் மருத்துவரிடம் இதே சொற்களில், ‘எனக்கு அழுகை வருவதில்லை’ என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் இதை எங்களிடம் சொல்வதே இல்லை. பதற்றம் எப்படி என்று நாங்கள் கேட்கிறோம், பரவாயில்லை என்கிறார்கள், சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது.

ஆனால் அம்மா போனது மாத்திரைக்கு முந்தியது. அப்போது நீங்கள் அழாமல் போனதற்கு மருந்து காரணம் அல்ல. முகம் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. வாய்க்கரிசி போட நாலு பேர் வரவில்லை. மாரடித்து அழ ஓர் அத்தைகூட அருகில் இல்லை. அழுகையை மனிதன் தனியாக அழுவதில்லை. யாரோ தொடங்கிவைத்து, யாரோ கட்டிப்பிடித்து, அப்புறம்தான் வருகிறது.

2020 ஏப்ரலில், பிரேசிலின் போவா விஸ்டா நகரத்து மருத்துவமனையில் 15 வயது யானோமாமிப் பையன் ஒருவன் கொரோனாவில் இறந்தான். பெற்றோருக்குச் சொல்லாமலே நகர மயானத்தில் புதைத்துவிட்டார்கள். யானோமாமி மக்களுக்கு அது தாங்க முடியாத கொடுமை. அவர்கள் புதைப்பவர்கள் அல்ல. எரித்து, எலும்பைச் சேகரித்து, பொடித்து, சுரைக்குடுக்கையில் வைத்திருப்பார்கள். மாதங்கள் கழித்து நட்பு ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பி, ரெயாஹு என்ற பெரிய விருந்து வைப்பார்கள். வாழைப்பழக் கஞ்சி காய்ச்சுவார்கள். இறந்தவரின் பொருள்களை அழிப்பார்கள். பல ஊர்களில் எலும்புச் சாம்பலை அந்தக் கஞ்சியிலேயே கலந்து சொந்தக்காரர்கள் குடிப்பார்கள். நாள் கணக்கில் கூட்டமாக அழுவார்கள். பொடி அங்கேயும் உண்டு, ஆனால் சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் இறந்தவரைத் தெரிந்தவர்கள். அந்தப் பையனின் ஊரில் அந்த விருந்து வைக்க முடியாமல் காத்துக் கிடந்தவர்களின் நிலை என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் அதே வருடங்களில் அதுதான் நடந்தது.

மலை விடுதியில் உங்களைச் சுற்றி உட்காரப் போகிறவர்களில் ஒருவருக்காவது உங்கள் அம்மாவைத் தெரியுமா?

அம்மாவின் திதி எப்போது வருகிறது என்று பாருங்கள். இத்தனை வருடம் எப்படிச் செய்தீர்கள் என்று தெரியாது. ஒருவேளை ஐயருக்கு ஃபோனில் பணம் அனுப்பி முடித்திருப்பீர்கள், ஒருவேளை அப்பா தனியாக ஏதோ செய்திருப்பார். இந்த முறை நாலு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள். சாமி நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பொருட்டே இல்லை. அம்மாவோடு வேலை பார்த்தவர்கள், பக்கத்து வீட்டு அக்கா, அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், 2021இல் வர முடியாமல் போனவர்கள் யாரோ அவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அம்மா வைக்கும் குழம்பை யாராவது வைக்கட்டும். அவருடைய புடவைகள் இன்னும் பீரோவில் அப்படியே இருந்தால், அன்றைக்கு எடுத்து வந்தவர்களுக்குக் கொடுங்கள். அப்பாவையும் பேச விடுங்கள். சம்பளத்தைக் கொட்டப் போறியா என்று கேட்டாரே, அவரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

அழுகை அன்றே வந்துவிடும் என்று உறுதி தர மாட்டேன். வராவிட்டால், துக்கத்துக்கென்றே பேச்சு சிகிச்சை தருபவர்கள் பெங்களூருவில் இருக்கிறார்கள். உங்கள் மருத்துவரிடமே பெயர் கேட்டு வாங்கலாம். நண்பர்களிடம் ‘டாக்டர் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றுவிட்டார், வரவில்லை’ என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். அவர்களில் யாராவது இதே போன்ற மாத்திரை எடுப்பவர்களாக இருந்தால் இந்தப் பதிலைக் கட்டாயம் காட்டுங்கள்.

இன்றைக்கு இரவு மாத்திரையை வழக்கமான நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். திதி முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்